தெருப் பூங்காவைக் கட்டிக் காக்க: வாசகர் கேள்வி பதில்

குடியிருப்புப் பூங்காக்களைத் தாங்களே பராமரிக்கும் குழுக்களிடம் கேள்விகளை அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே குறைதான்: ஆர்வமாகத் தொடங்கினோம், ஆறு மாதத்தில் பழைய நிலைமைக்கே போய்விட்டது. ஆகவே, புதிதாக என்ன வைக்கலாம் என்பதைவிட, வைத்ததை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

தாம்பரம் வாசகர்: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடம் பல வருடமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நாங்களே ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்துவிடலாமா?

வண்டியைக் கூப்பிடும் முன் இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதற்குப் பதிலாகப் பணம் கட்டவும் வழியில்லை. நிலத்தையே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். பழைய மனைப்பிரிவுகள் சிலவற்றில் வரைபடத்தில் 'பூங்கா' என்று குறித்திருப்பார்கள், பத்திரம் மட்டும் எழுதாமல் விட்டிருப்பார்கள். அப்படியானால் மனை போட்டவரோ அவர் வாரிசோ ஒருநாள் வந்து நிற்பார். ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடம், வில்லங்கச் சான்று, புலப்பட நகல் மூன்றையும் வாங்குங்கள். சர்வேயரை வைத்து அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்டபிறகு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது ஆணையருக்கு (பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு) கடிதம். 'பூங்காவைப் பராமரிக்க அனுமதி வேண்டும்' என்று ஒற்றை வரி எழுதினால் பதில் வருவது கடினம். யார் எதைச் செய்வது என்று பிரித்து எழுதுங்கள்: பெருக்குவது, தண்ணீர் ஊற்றுவது, களை எடுப்பது நாங்கள், குப்பை அள்ளுவது, மின் இணைப்பு, போர்வெல் மோட்டார், சுற்றுச்சுவர் நீங்கள். இதையே பகுதி சபா கூட்டத்திலும் எழுப்பி, கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். அலுவலர் மாறினாலும் குறிப்பு இருக்கும்.

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒரே மழையில் துளிர்த்துவிடும். தரைக்குக் கீழே ஓர் அடியாவது தோண்டி, அடிக்கட்டையை வேரோடு எடுக்க வேண்டும். அடுத்த இரண்டு மழைக்காலமும் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க ஆள் வேண்டும், ஏனென்றால் விதை மண்ணில் காத்துக் கிடக்கும்.

இடம் சுத்தமானதும் 'சங்கத்துக்கு ஓர் அறை கட்டலாம், ஓரமாக ஒரு சந்நிதி வைக்கலாம்' என்று யாராவது கிளம்புவார்கள். ஒப்புக்கொள்ளவே கூடாது. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென்று குறித்த இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் உறுதி செய்தது. மருத்துவமனைக்கே அந்தக் கதி என்றால் சங்க அறை எம்மாத்திரம்.

கோவை வாசகி: முதல் ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள். இப்போது ஐந்து பேர்தான். ஆட்களை எப்படித் தக்கவைப்பது?

ஐந்து பேர் போதும் என்று கணக்குப் போட்டுத் தொடங்குங்கள். நாற்பது பேர் வரும் நாளில் மண்வெட்டி பத்துதான் இருக்கும். மீதி முப்பது பேர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள், மறுவாரம் வரமாட்டார்கள். ஆட்கள் குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒருவர் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு 'இது நான் செய்தது' என்று காட்டக்கூடிய அளவுக்கு வேலையைத் துண்டு போடுங்கள். 'களை எடுப்பது' என்று பொதுவாகச் சொல்லாமல், 'கேட்டிலிருந்து மூன்றாவது பெஞ்சு வரை வலப்பக்கப் பாத்தி' என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். காலை 6.30 என்றால் 6.30, 8.30-க்கு முடிவு. நீட்டாதீர்கள்.

தண்ணீர் ஊற்றுவதை ஞாயிறு வேலையில் சேர்க்கவே கூடாது. அது தினசரி வேலை. நாளுக்கு இரண்டு பேர், கிழமைப்படி முறை, வரமுடியாதவரே மாற்று ஆளைச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் சம்பளத்துக்கு ஓர் ஆள் வைப்பதற்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கிவிடுங்கள். வருடம் முழுக்கப் பார்த்த செடி போவது இந்த இடைவெளியில்தான்.

பத்துப் பேர் குழுவுக்கு: மண்வெட்டி 4, கடப்பாரை 1, களைக்கொத்தி 6, இலை வாரி 2, கிளை நறுக்கும் கத்தரி 3, கை ரம்பம் 1, பாண்டு (மண் சுமக்கும் சட்டி) 6, 100 அடி ஹோஸ் பைப், கனத்த கையுறை பத்து ஜோடி. புதர் வெட்டும் நாளில் முட்டி வரை கம்பூட்ஸ் கட்டாயம். பாம்பு தென்பட்டால் அடிக்க வேண்டாம், எல்லோரும் விலகி நின்று 101-க்குச் சொல்லுங்கள். தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள்.

திருச்சி வாசகர்: எங்கள் பூங்காவில் பெருக்கிய சருகைத் தினமும் மூலையில் போட்டுக் கொளுத்துகிறார்கள். உரமாக்கப் பார்த்தோம், எட்டு மாதமாகியும் சருகு சருகாகவே கிடக்கிறது. என்ன தவறு?

கொளுத்துவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே அதைத் தடை செய்துவிட்டன. தவிர, பூங்காவுக்குக் காசில்லாமல் கிடைக்கும் ஒரே உரத்தை எரிக்கிறீர்கள்.

சருகு மக்காததற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, ஈரமில்லை. காய்ந்த குவியலின் மேல் தண்ணீர் தெளித்தால் ஓலைக்கூரை மேல் விழுந்த மழைபோல வழிந்து ஓடிவிடும், உள்ளே ஒரு சொட்டு இறங்காது. இரண்டு, தழைச்சத்து இல்லை. காய்ந்த இலையில் கரிமம் மிக அதிகம். நுண்ணுயிர்கள் பெருகுவதற்குப் பச்சைத் தழையோ சாணமோ வேண்டும்.

செய்முறை இது. நான்கடி உயரக் கம்பி வலையை 13 அடி நீளத்துக்கு வெட்டி, வளைத்து, முனைகளைக் கட்டினால் நான்கடி விட்டத்தில் ஒரு கூண்டு கிடைக்கும். மர நிழலில், நேரடியாக மண் தரைமேல் நிறுத்துங்கள்; சிமென்ட் தளம் வேண்டாம். அடியில் அரை அடிக்குச் சுள்ளி பரப்புங்கள், காற்று அந்த வழியாகத்தான் ஏறும். சருகை முந்தின இரவே ஒரு டிரம்மிலோ தொட்டியிலோ ஊறப்போடுங்கள். ஊறிய சருகு ஓர் அடி, அதன்மேல் இரண்டு அங்குலம் பசுந்தழை (வெட்டிய புல், களை, பூக்கடைக் கழிவு எதுவானாலும்), அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரில் கால்பங்கு சாணம் கரைத்த கரைசல். இப்படியே அடுக்கி நிரப்புங்கள். காலால் மிதித்து இறுக்காதீர்கள்.

மூன்றாம் நாளிலிருந்து உள்ளே சூடு ஏற வேண்டும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. வெதுவெதுப்பு மட்டும்தான் என்றால் சாணக் கரைசல் இன்னும் வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூண்டைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்தி, வெளியே இருந்தது உள்ளே போகும்படி மாற்றிப் போடுங்கள். மாற்றும்போது ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள்: விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. எறும்பு புற்று வைத்திருந்தாலோ, சாம்பல் தூவியதுபோல் வெண்மையாக இருந்தாலோ காய்ந்துவிட்டது. நாறினால் தண்ணீர் அதிகம், சருகு சேர்த்துக் கிளறுங்கள்.

தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, மயில்கொன்றை போன்ற சிற்றிலைகள் மூன்று மாதத்தில் மக்கிவிடும். மா, பாதாம், அரச இலைகள் தோல்போல இருப்பதால் ஐந்தாறு மாதம் பிடிக்கும். அவற்றைத் தனிக் கூண்டில் போடுங்கள், அல்லது மரத்தடியில் மூடாக்காகப் பரப்பிவிடுங்கள். எட்டு மாதம் கிடந்ததாக நீங்கள் சொல்வது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். ஒரு கூண்டு நிறையப் போட்டால் கால் கூண்டு உரம் மிஞ்சும். சலிக்கும்போது விரல் கனத்துக்கு வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுக்கள் வந்தால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். அக்கம்பக்கத்தில் தென்னை இருந்தால் பொறுக்கி அழித்துவிடுங்கள். மண்புழுவைத் தொடாதீர்கள்.

கடலூர் வாசகர்: சுற்றுச்சூழல் தினத்தில் ஐம்பது கன்று நட்டோம். பொங்கலுக்கு ஒன்பதுதான் மிச்சம். மண் சரியில்லையா?

மண்ணைக் குறை சொல்வதற்கு முன் தேதியைப் பாருங்கள். ஜூன் 5 என்பது தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஊர்களுக்குப் பொருந்தும். கடலூர், நாகை, சென்னைக் கடற்கரைப் பக்கம் அது கத்திரி வெயில் முடிந்த கையோடு வரும் நாள். நல்ல மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வெறும் ஓர் அடி உயரக் கன்று அந்த நான்கு மாதத்தைத் தாண்டுவது உங்கள் குடத்தை நம்பித்தான். விழாவை ஜூனில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குக் குழி வெட்டுங்கள். நடுவதை ஆகஸ்டு கடைசி முதல் செப்டம்பருக்குள் வைத்துக்கொண்டால், வேர் பிடித்த நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். தண்ணீர் தேங்கும் பள்ளமான பூங்கா என்றால் மட்டும் மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில் நடுங்கள், ஆனால் அந்தக் கன்றுகளுக்கு முதல் கோடை முழுக்கத் தண்ணீர் வேண்டும்.

குழி நீளம், அகலம், ஆழம் இரண்டடி. வெட்டிய மேல்மண்ணைத் தனியாக வைத்து, அதோடு மக்கிய எரு ஒரு பாண்டு, மணற்பாங்கில்லாத மண்ணானால் மணல் ஒரு பாண்டு, வேப்பம் பிண்ணாக்கு கால் கிலோ கலந்து நிரப்புங்கள். மக்காத சாணியைப் போட்டால் சூட்டில் வேர் வேகும், கறையானும் வரும். பிளாஸ்டிக் பையைக் கிழித்து முழுதாக எடுங்கள். பையோடு நட்ட கன்றுகளை இன்றும் பல பூங்காக்களில் பார்க்கலாம். மூன்றாம் வருடக் காற்றில் சாயும். பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அடியில் ஓர் அங்குலத்தைக் கத்தியால் நறுக்கிவிட்டு, பக்க வேர்களைப் பிரித்துவிடுங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடம் நர்சரிப் பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்கட்டும், ஆழப் புதைக்காதீர்கள்.

ஐந்தடிக் கன்றாகப் பார்த்து வாங்கினால் ஆட்டுக்குத் தப்பும். மூங்கிலைத் தண்டோடு ஒட்டிக் கட்டாமல் முக்கால் அடி தள்ளி ஊன்றி, சணலை எட்டு வடிவில் சுற்றிக் கட்டுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், பட்டையை அறுத்துவிடும்.

இனித் தண்ணீர்க் கணக்கு. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை, கன்றுக்கு 15 லிட்டர். ஐம்பது கன்றுக்கு வாரம் 1,500 லிட்டர், கோடையில் அதற்கும் மேல். தினமும் ஒரு குவளை தெளிப்பதால் வேர் மேலேயே பரவும், அது நல்லதல்ல. இந்தத் தண்ணீருக்கு வழியில்லை என்றால் ஐம்பதை விட்டுவிட்டுப் பதினைந்து நடுங்கள். பதினைந்தும் மரமாகும். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்குப் புன்னை, பூவரசு, புங்கன், நாவல் தாங்கும். மரத்துக்கு மரம் 15 அடி விடுங்கள்.

சேலம் வாசகி: பூங்காவில் வேப்ப மரங்கள் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வருகின்றன. செத்துவிட்டதா? வெட்டச் சொல்கிறார்கள்.

வெட்ட வேண்டாம். மழைக்குப் பிறகு வேம்பில் வரும் நுனிக்கருகல் இது. ஒரு பூஞ்சை நோயும், தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சியும் சேர்ந்து செய்கிற வேலை. பெரிய மரம் பார்க்கப் பயமாக இருந்தாலும், வெயில் ஏறியதும் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். காய்ந்த சிறு கிளைகளை மட்டும் கழித்து அகற்றி, மரத்தடியை இளக்கித் தண்ணீர் விடுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் மருந்து அடிக்கச் சொல்லி நாங்கள் எழுத மாட்டோம்.

மதுரை வாசகர்: வேலி ஓரம் சீக்கிரம் அடர்ந்து வளர கோனோகார்பஸ் வைக்கச் சொல்கிறார் நர்சரிக்காரர். வைக்கலாமா?

கூடாது. தமிழக அரசே 2025-இல் அதற்குத் தடை விதித்திருக்கிறது. நொச்சியும் ஆடாதொடையும் மாற்றி மாற்றி இரண்டடி இடைவெளியில் போத்து ஊன்றுங்கள். ஆடு வாய் வைக்காது, கிளையை உடைத்து நட்டாலே பிழைக்கும், வருடத்துக்கு இருமுறை கத்தரித்தால் வேலியாக நிற்கும்.

சென்னை வாசகி: ஊஞ்சலும் சறுக்குமரமும் துருப்பிடித்திருக்கின்றன. நாங்களே பெயின்ட் அடித்துவிடலாமா?

பெயின்ட் அடிப்பதற்கு முன் சோதனை. துருவின் மேல் பளபளப்பாகப் பூசிவிட்டால் ஆபத்து வெளியே தெரியாமல் போய்விடும், அதுதான் எங்கள் கவலை.

முதலில் கால்கள். குழாய் தரையைத் தொடும் இடத்தில் மண்ணை நான்கு அங்குலம் விலக்கிவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். மேலே கணீரென்று கேட்டு, இங்கே மந்தமாகக் கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். குழிந்தாலோ உள்ளே போனாலோ அந்தச் சாதனத்தை அன்றே கயிறு கட்டி மூடுங்கள். வெல்டிங் ஆள் வந்து குழாயை மாற்றும்வரை திறக்காதீர்கள். அடுத்தது சங்கிலி. மேலே கொக்கியில் மாட்டும் முதல் கண்ணியும் கீழே இருக்கையைப் பிடிக்கும் கடைசிக் கண்ணியும்தான் தேயும், நடுவில் பார்த்துப் பயனில்லை. கால்பங்கு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். 'எஸ்' கொக்கியின் வாய் முழுக்க மூடியிருக்க வேண்டும். ஒரு நாணயம் நுழைகிற இடைவெளி இருந்தால்கூட சட்டையோ துப்பட்டாவோ சிக்கும்.

ஏணிப்படி, கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 9 சென்டிமீட்டருக்குக் குறைவாகவோ 23 சென்டிமீட்டருக்கு அதிகமாகவோ இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். துப்பட்டா கட்டிய ஊஞ்சல், சறுக்குமரத்தில் கட்டிய கயிறு எதையும் விட்டுவைக்காதீர்கள்.

கீழே என்ன இருக்கிறது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். பெயின்ட்டுக்குச் செலவிடும் சங்கங்கள் இதை விட்டுவிடுகின்றன. ஊஞ்சலுக்குக் கீழ் பேவர் பிளாக்கோ சிமென்டோ இருக்கவே கூடாது. ஓர் அடி ஆழத்துக்குக் கழுவிய ஆற்று மணல் வேண்டும். எம்-சாண்ட் வேண்டாம், கூர்முனை மணலும் தூளும் சேர்ந்து இறுகித் தரைபோல ஆகிவிடும். ஊஞ்சல் மாட்டிய கம்பி ஏழடி உயரம் என்றால் முன்னால் 14 அடி, பின்னால் 14 அடி, பக்கவாட்டில் ஆறடி காலியாக இருக்க வேண்டும். இரண்டு இருக்கை ஊஞ்சலுக்கு 28 அடிக்கு 20 அடி, ஆழம் ஓர் அடி: 560 கன அடி, ஐந்தரை யூனிட் மணல். செலவு கூடுதல்தான். மணலுக்குப் பணம் இல்லாவிட்டால் ஊஞ்சலைக் கழற்றி வைத்துவிட்டு மணல் தொட்டி மட்டும் வையுங்கள், பிள்ளைகள் அதிலும் மணிக்கணக்கில் விளையாடுவார்கள். வாரம் ஒருமுறை அரை அடி ஆழத்துக்கு வாரியால் கிளறி, கண்ணாடித் துண்டு, நாய் பூனை மலம் பார்த்து எடுங்கள். அடித்தளக் கான்கிரீட் மணலுக்கு மேல் எட்டிப்பார்க்கக் கூடாது.

இரும்புச் சறுக்கு வெயிலில் இருந்தால் பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் கையை வைத்துப் பாருங்கள். பத்து விநாடி வைக்க முடியாவிட்டால் நிழல்வலை கட்டுங்கள். ஃபைபர் சறுக்கு வெளுத்து, தடவினால் நார் குத்தினால் மேற்பூச்சு போய்விட்டது, மறுபூச்சு வேண்டும்.

இவ்வளவும் சரி என்றால் பெயின்ட் அடியுங்கள். உப்புத்தாளால் துருவைச் சுரண்டி, பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. தொழிற்சாலைப் பெயின்ட்டுக்கு அந்த விதி கிடையாது. மலிவாகக் கிடைக்கிறது என்று பின்னதை வாங்கிவிடாதீர்கள்.

காஞ்சிபுரம் வாசகர்: நடைபாதை பேவர் பிளாக் போட்டு ஒரு வருடத்தில் அலையலையாக அமுங்கிவிட்டது. தண்ணீரும் நிற்கிறது.

கல்லில் குறை இருக்காது, அடியில்தான். பள்ளத்தை மட்டப்படுத்த மூன்று நான்கு அங்குலம் மணலைக் கொட்டி, மேலே கல்லை அடுக்கியிருப்பார்கள். மணல் மெத்தை ஓர் அங்குலம்தான் இருக்க வேண்டும்; மட்டம் பிடிப்பது அதற்குக் கீழே ஜல்லிக் கலவையில், ஆறு அங்குலம் போட்டுத் தண்ணீர் விட்டு இயந்திரத்தால் இடித்து இறுக்கி. ஓரக்கல் இல்லாவிட்டாலும் இதே கதைதான்: கல் பக்கவாட்டில் நகரும், இடுக்கு திறக்கும், மழை மணலை இழுத்துக்கொண்டு போகும்.

அமுங்கிய இடத்தில் கற்களைக் கடப்பாரையால் நெம்பி எடுங்கள், பக்கத்தில் ஓரடி அதிகமாகவே எடுங்கள். மணலை அள்ளிவிட்டு ஜல்லிக் கலவையால் மட்டம் ஏற்றி, திமிசால் இடித்து, ஓர் அங்குலம் மணல் பரப்பி அதே கற்களைத் திரும்ப வையுங்கள். இடுக்குகளில் சலித்த மணலைப் பெருக்கித் தள்ளுங்கள். பத்துநாள் கழித்து இன்னொரு முறை. ஐந்தடிப் பாதைக்கு ஒருபக்கம் ஒன்றேகால் அங்குலம் சரிவு கொடுத்தால் தண்ணீர் நிற்காது. சரிவு பாத்திப் பக்கம் இருக்கட்டும், மழைநீர் செடிக்குப் போகும்.

புதிதாகப் பாதை போடுபவர்கள் மண் பாதையை யோசித்துப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், ஐந்தடி அகலம், நான்கு அங்குலம் கனத்துக்கு ஐந்தரை யூனிட் கிராவல் போதும். மூட்டுக்கும் நல்லது, வேரும் மூச்சு விடும். வருடம் ஒருமுறை மேலே கொஞ்சம் போட்டு உருட்ட வேண்டும், அவ்வளவே.

வேலூர் வாசகி: பூங்காவால் கொசு என்று புகார் வருகிறது. குளம் எதுவும் இல்லையே?

டெங்கு கொசுவுக்குக் குளம் வேண்டாம், ஒரு சிரட்டை போதும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். அதனால் வாரம் ஒரு சுற்று போதுமானது, ஆனால் ஒரு வாரமும் விடக்கூடாது. ஊஞ்சல் டயரின் அடியில் துளை போட்டிருக்கிறதா, மூடியில்லாத வேலிக் குழாய் முனையில் தண்ணீர் நிற்கிறதா, மரப் பொந்து, குழாயடிக் குழி, பறவைக்கு வைத்த தட்டு எல்லாம் பாருங்கள். மரப் பொந்தில் மணலை நிரப்புங்கள், சிமென்ட் வேண்டாம். மழைநீர் உறிஞ்சுகுழியில் மூன்று நாளுக்கு மேல் தண்ணீர் நின்றால் மேல் மணலில் வண்டல் அடைத்துவிட்டது என்று பொருள். அரையடி மணலை எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: புல்தரை வைக்க ஆசை. எந்தப் புல் நல்லது?

ஆயிரம் சதுர அடிக்குக் கோடையில் நாளுக்குச் சுமார் 450 லிட்டர் தண்ணீர் உண்டா? இருந்தால் அருகம்புல் வகை, காலடி தாங்கும், வெட்டுவதும் எளிது. கொரியன் புல் அழகாக இருக்கும், பிள்ளைகள் ஓடினால் போய்விடும். மர நிழலில் இரண்டுமே வராது. அங்கே சருகு மூடாக்கே போதும்.

ஈரோடு வாசகர்: பணம் எப்படித் திரட்டுவது? யாராவது நிறுவனம் தத்தெடுக்குமா?

சங்கத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் பதிந்து, வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து வைத்துத் தொடங்குங்கள். பத்து ரூபாய்க்கும் ரசீது. சுற்றுச்சுவர், கழிப்பறை போன்ற பெரிய வேலைக்கு 'நமக்கு நாமே' திட்டம் உண்டு: மக்கள் தம் பங்கைக் கட்டினால் மீதியை அரசு சேர்த்து வேலை நடக்கும். நிறுவனங்கள் எடுத்து நடத்தும் பூங்காக்களும் இருக்கின்றன. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுந்தரம் பைனான்ஸ் பராமரிக்கிறது. அங்கே மைக் இல்லாத கச்சேரியும் நடக்கிறது. நிறுவனத்தைக் கேட்கப் போகும்போது பெஞ்சு வாங்கித் தரச் சொல்லாதீர்கள். பெயர்ப் பலகைக்காக எவரும் பெஞ்சு தருவார்கள். ஒரு தோட்டக்காரரின் மூன்று வருடச் சம்பளத்தைக் கேளுங்கள்.

விழுப்புரம் வாசகி: மழைக்காலத்துக்கு முன் என்ன செய்து வைக்க வேண்டும்? போன புயலில் இரண்டு மரம் போனது.

செப்டம்பர் முடிவதற்குள் செய்ய வேண்டியவை இவை. விளக்குக் கம்பங்களை மாநகராட்சி அல்லது நகராட்சி மின்பிரிவை வைத்துச் சோதியுங்கள்: கீழ்மூடி பூட்டியிருக்கிறதா, எர்த் இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் பொருத்தியிருக்கிறதா. தன்னார்வலர் யாரும் கம்பத்தைத் தொடக்கூடாது. மரத்தில் சுற்றிய சீரியல் விளக்கை மட்டும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கழற்றுங்கள், கூடவே ஆணிகளையும் பிடுங்குங்கள். வடிகால் வாயில் சருகை அள்ளுங்கள்.

மரங்களைப் பொறுத்தவரை, 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. சாய்வதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, அடிமரம்வரை சிமென்ட் போட்டு வேரை நெரித்தது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டுத்தான் சிமென்ட் இருக்கலாம் என்று 2013-இல் டெல்லி மரங்களுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நீங்களும் அந்த அளவுக்கு உளியால் உடைத்தெடுங்கள். டிரில் இயந்திரம் வேரைக் கிழித்துவிடும். உடைத்த இடத்தில் மண்ணை ஆறு அங்குலம் மட்டும் இளக்கி எரு போடுங்கள்.

கிளைகளை ஒருபக்கமாக வெட்டாதீர்கள், மரம் எதிர்ப்பக்கம் சாயும். தலையை மொட்டையடிப்பதும் வேண்டாம். அதிலிருந்து வரும் கிளைகள் பட்டையோடு மட்டும் ஒட்டியிருந்து முதல் காற்றிலேயே முறியும். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, பிளந்தது மூன்றை மட்டும் எடுங்கள். மணிக்கட்டு கனத்துக்கு மேலான கிளைக்கு மூன்று வெட்டு: முதலில் கிளையின் அடிப்பக்கம் ஓரடி தள்ளிக் கால்வாசி, பிறகு மேலிருந்து இன்னும் சற்றுத் தள்ளி முழுக்க, கடைசியில் மிச்சக் கட்டையை, கிளை தண்டோடு சேரும் வீக்கத்துக்கு வெளியே. ஒரே வெட்டில் எடுத்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டு போகும். முழு மரத்தை எடுக்க, அது பட்டுப்போனதாக இருந்தாலும், 2021 முதல் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

புயலுக்குப் பிறகு சாய்ந்த மரங்களில், தொடை கனத்துக்குள் இருப்பவற்றைத் தூக்கி நிறுத்தலாம். அதற்கு மூன்று நாள்தான் அவகாசம். அதுவரை வெளியே தெரியும் வேரை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். பிய்ந்த வேர்களை ரம்பத்தால் சீராக அறுத்து, சாய்ந்த திசைக்கு எதிர்ப்பக்கம் குழியை ஆழமாக்கி, கிளைகளில் மூன்றில் ஒருபங்கைக் கழித்துவிட்டு, கயிற்றால் மெதுவாக நிமிர்த்துங்கள். கயிறு படும் இடத்தில் பழைய டயர் டியூபைச் சுற்றுங்கள். மண்ணை அடுக்கடுக்காக மிதித்து இறுக்கி, மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்து ஒரு வருடம் விட்டுவையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை முட்டின் கட்டு தளர்ந்திருக்கிறதா, பட்டையை அழுத்துகிறதா என்று பார்க்க ஒருவர் பெயரை எழுதி வையுங்கள்.